அரசுப் பள்ளிக்காகப் பேச ஓர் ஊர் உறுப்பினர்

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனும் (பிரெஞ்சுக் காலத்திலிருந்து வரும் உள்ளாட்சிப் பிரிவு) தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டமும் ஒரே கோட்டில் பிரிவதில்லை. வயலுக்கு வயல் மாநிலம் மாறும் இடங்கள் உண்டு. எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைத் தொடக்கப் பள்ளியின் பெயர்ப் பலகையே காட்டிக்கொடுத்துவிடும். கடலூர்ப் பக்கம் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று எழுதியிருக்கும். புதுச்சேரிப் பக்கம் வெறுமனே ‘அரசு தொடக்கப் பள்ளி’ என்றிருக்கும். முதல் பலகைக்கு ஒரு வரலாறு உண்டு. 1958ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு, ஊரகத் தொடக்கப் பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்றியங்களின் பொறுப்பில் வந்தன. 1981இல் அப்பள்ளிகளின் ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆக்கப்பட்டதும் அந்தப் பொறுப்பில் பெரும்பகுதி சென்னைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் பலகையில் தங்கியது. தமிழ்நாட்டுப் பக்கத்தை உயர்த்திப் பேச இதைச் சொல்லவில்லை. கடலூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து அதிகாரிகளின் கைக்குப் போயின. ஆனாலும் அந்தப் பலகையைப் படிக்கும் ஒருவருக்குப் பள்ளி யாருடையது என்று ஒரு குறிப்பாவது கிடைக்கிறது. பாகூரிலும் வில்லியனூரிலும் அந்தக் கேள்விக்குப் பலகையிலும் பதில் இல்லை, நடப்பிலும் பதில் இல்லை. அரசுப் பள்ளிகளைக் காப்பாற்றுவது பற்றிப் புதுச்சேரியில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் பாடத்திட்டம், கட்டிடம், ஆசிரியர் காலியிடம் என்று போகிறது. இவற்றுக்கு முந்தைய குறை ஒன்று இருக்கிறது: பள்ளிக்காகப் பேசுவதையே வேலையாகக் கொண்டு, அதற்காக ஊரிடம் ஓட்டு வாங்கி, அடுத்த தேர்தலில் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர்கூட இங்கே இல்லை.

இந்த இடத்தில் அப்படி ஓர் ஏற்பாடு என்றுமே இருந்ததில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டில், வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடு, வேசாலிப் பேரரையன் என்னும் தலைவனின் விண்ணப்பத்தின் பேரில் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புணைச்சேரி என்ற மூன்று ஊர்களின் வருவாயை வாகூர் (இன்றைய பாகூர்) வித்யாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்துக்கு ஒதுக்குகிறது. அந்தக் கொடைக்கு வித்யாபோகம் என்று பெயர். மேடைப் பேச்சில் இந்தச் செப்பேட்டை எடுத்து நீட்டி, ‘அன்றே பல்கலைக்கழகம் கண்ட ஊர்’ என்று மார்தட்டுவது வழக்கமாகிவிட்டது. அது வடமொழிக் கல்விக்கான பிராமணர் நிறுவனம். இன்று பாகூர் அரசுப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் முன்னோரில் பெரும்பாலோருக்கு அதன் வாசல் திறந்திருக்காது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பெருமையை அன்று, நிர்வாகத்தை: எந்த ஊரின் வரி, எந்தக் கல்விக்கு, யார் கையில் என்று செம்பில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்று பாகூர்க்காரர் ஒருவர் தம் ஊர்ப் பள்ளிக்கு இந்த ஆண்டு எவ்வளவு பணம் வந்தது, யார் செலவழித்தார்கள் என்று தெரிந்துகொள்ளத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டும்.

ஓட்டுப் போட்டு ஊர் நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இங்கே புதிதில்லை. 1880ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணை, பிரெஞ்சிந்தியாவைப் பத்து கொம்யூன்களாகப் பிரித்தபோது பாகூரும் வில்லியனூரும் அவற்றில் இரண்டு. இரண்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் ‘மேர்’ எனப்பட்ட தலைவரும் உண்டு. அந்தத் தேர்தல்களின் யோக்கியதை ஊரறிந்தது. கள்ள ஓட்டுக்கும் அடிதடிக்கும் பேர்போனவை. இருந்தும் 1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூர்ப் பகுதியின் கீழூரில், இந்தியாவோடு சேர்வதா என்று முடிவு செய்தவர்கள் யார்? பிரதிநிதிகள் சபையிலும் இந்தக் கொம்யூன் மன்றங்களிலும் மக்கள் ஓட்டால் உட்கார்ந்திருந்த 178 பேர். அவர்களில் 170 பேர் சேர்வதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள். ஆண்டுதோறும் சட்டப்பூர்வ இணைப்பு நாளான ஆகஸ்ட் 16 அன்று கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுகிறோம். அந்த முடிவை எடுத்த மன்றங்களின் கதி என்ன ஆயிற்று என்று கொடியேற்றும்போது யாரும் கேட்பதில்லை. 1968க்குப் பிறகு நெடுங்காலம் தேர்தல் இல்லை. 1973இல் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது; அதன் கீழான முதல் தேர்தல் 2006இல்தான் நடந்தது, 1968இலிருந்து எண்ணினால் 38 ஆண்டுகள் கழித்து. அப்படி வந்த உறுப்பினர்களின் காலம் 2011இல் முடிந்தது. அடுத்த தேர்தல், 2021இல் தேதிவரை அறிவித்து, இடஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றுபோனது. ஐந்து நகராட்சிகள், பத்து கொம்யூன் பஞ்சாயத்துகள், அவற்றுக்குக் கீழே கிராமப் பஞ்சாயத்துகள் என்று சட்டத்தில் கணக்கு இருக்கிறது. உட்கார ஆள் இல்லை. நிர்வாகம் ஆணையர்களிடம்.

இதற்கும் பள்ளிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சாக்கடையும் தெருவிளக்கும்தானே பஞ்சாயத்தின் வேலை? சட்டம் அப்படி நினைக்கவில்லை. அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையில் 29 துறைகள் உள்ளன. பதினேழாவது, தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் உள்ளிட்ட கல்வி. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் ஒன்பதாம் பிரிவு, தன் எல்லைக்குள் வசிக்கும் பதினான்கு வயதுவரையிலான பிள்ளைகளின் பதிவேட்டை வைத்திருப்பது, அவர்கள் சேர்ந்தார்களா, வருகிறார்களா, படித்து முடித்தார்களா என்று பார்ப்பது, இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது, பள்ளிகள் நடக்கும் விதத்தைக் கண்காணிப்பது, கல்வியாண்டின் நாள்காட்டியை முடிவு செய்வதுவரை உள்ளாட்சியின் கடமை என்கிறது. 32ஆம் பிரிவின்படி பிள்ளையின் உரிமை மறுக்கப்பட்டதாக யாரும் உள்ளாட்சியிடம் எழுத்தில் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் அது விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் யார் இருக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கும்போது முதலில் எழுதுவதே, உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் என்பதைத்தான். பெற்றோரும் ஆசிரியர்களும் அதற்குப் பிறகு. இந்தச் சட்டம் முழுவதும் ஒரு தூணில் சாய்ந்து நிற்கிறது. அந்தத் தூண் புதுச்சேரியில் நடப்படவில்லை. ‘உள்ளாட்சி’ என்பதற்குப் பள்ளியின் மீது நிர்வாகக் கட்டுப்பாடு உள்ள வேறு அமைப்பையும் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் ஒரு சந்து விட்டிருப்பதால், காகிதத்தில் ஓட்டை தெரிவதில்லை. நடைமுறையில் அதன் பொருள், ஆசிரியர் இல்லை என்ற புகாரை ஆசிரியரை அனுப்பாத துறையிடமே கொடுப்பது.

பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே, நால்வரில் மூவர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், இதைவிட நெருக்கமான ஜனநாயகம் வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. குழுக் கூட்டம் ஒன்றைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தால் விடை தெரியும். நாளையும் நேரத்தையும் குறிப்பவர் தலைமையாசிரியர். தீர்மானப் புத்தகத்தை எழுதுபவரும் அவரோ வேறோர் ஆசிரியரோதான். நடவு நாளில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய், தன் பிள்ளைக்கு நாளை மதிப்பெண் போடப் போகிறவரின் எதிரே உட்கார்ந்து, எழுதி முடித்த பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறார். யாரையும் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. நல்ல தலைமையாசிரியர்கள் இந்தக் குழுவை வைத்துக்கொண்டு சுற்றுச்சுவரும் கழிப்பறையும் கட்ட வைத்திருக்கிறார்கள். அந்தத் தாயிடம் பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பைச் சட்டம் கொடுத்திருக்கிறது. அந்தத் திட்டத்தை எடுத்துக்கொண்டு புதுச்சேரி நகரத்தில் உள்ள இயக்குநரகத்தின் கதவைத் தட்டும் பலத்தைக் கொடுக்கவில்லை. தமிழ்நாட்டில் 2022இல் குழுக்களை மறுபடி அமைத்தபோது இருபது உறுப்பினர்களில் பதினைந்து பேர் பெற்றோர். கூடவே உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருவர். அந்த இருவரின் இடத்தைத்தான் புதுச்சேரியில் நிரப்ப வழியில்லை.

இதைவிட ஆழமான ஒரு காரணமும் உண்டு. இந்தக் கட்டுரையின் வாதம் அதில்தான் நிற்கிறது. காலை எட்டு மணிக்குக் கடலூர்ச் சாலையில் கிருமாம்பாக்கத்தையோ கன்னியகோவிலையோ கடக்கும் தனியார் பள்ளி வேன்களை எண்ணினால், ஊரில் கையெழுத்தும் வாய்ச்சொல்லும் உள்ள குடும்பங்கள் எங்கே போகின்றன என்பது விளங்கும். பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலில் இந்தச் சிக்கலை விளக்கினார்: ஒரு நிறுவனம் சீர்கெடும்போது முதலில் விலகிப் போகிறவர்கள், இருந்திருந்தால் உரக்கக் குரல் கொடுத்திருக்கக்கூடியவர்கள். அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் பொதுப் பள்ளியும் ஒன்று. மேலாண்மைக் குழுவில் இருக்கத் தகுதி, பிள்ளை அதே பள்ளியில் படிப்பது. அதாவது விலகிப் போனவர் அத்தனை பேரையும் விதியே வெளியே நிறுத்திவிடுகிறது. மிஞ்சியவர்கள் பள்ளியை மாற்ற வசதி இல்லாதவர்கள். எனவே எதிர்த்துப் பேசவும் தயங்குகிறவர்கள். கொம்யூன் உறுப்பினரின் நிலை வேறு. அவருக்கு ஓட்டுப் போடுபவர்களில் வேனில் பிள்ளையை அனுப்புகிறவரும் உண்டு, பிள்ளை படித்து முடித்துவிட்ட தாத்தாவும் உண்டு, கல்யாணமாகாத இளைஞனும் உண்டு. பள்ளியில் பிள்ளை இல்லாதவரையும் பள்ளிக்குக் கணக்குக் கேட்க வைக்கும் ஒரே ஏற்பாடு உள்ளூர்த் தேர்தல். அரசுப் பள்ளி ஊருக்குப் பொதுவானது என்று சொல்வதற்கு நடைமுறையில் இதைத் தவிர வேறு பொருளே இல்லை.

கனடாவில் இதைத் தனிப் பதவியாகவே வைத்திருக்கிறார்கள். அங்குள்ள தமிழர்கள் கல்விச் சபை அறங்காவலர் என்பார்கள். ஒன்டாரியோவில் நகராட்சித் தேர்தலோடு சேர்த்து அறங்காவலருக்கும் ஓட்டு. பிள்ளை இல்லாதவருக்கும் அந்த ஓட்டு உண்டு. நீதன் சண், பார்த்தி கந்தவேள், யாழினி ராஜகுலசிங்கம் என்று தமிழர் பலர் அந்தப் பதவிக்கு வந்திருக்கிறார்கள். புலம்பெயர்ந்து போன சமூகம் ஒன்று, அந்த நாட்டு அரசியலின் முதல் படியாகப் பள்ளியைப் பிடித்துக்கொண்டது கவனிக்கத் தக்கது. அதே ஒன்டாரியோ ஓர் எச்சரிக்கையும் தருகிறது. 1997இல் மாகாண அரசு அறங்காவலர்களிடமிருந்த பள்ளி வரியை நிர்ணயிக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, அவர்களின் படியை ஆண்டுக்கு 5,000 டாலருக்குள் சுருக்கியது. 2025 ஜூனில் டொரன்டோ கல்விச் சபையின் நிர்வாகத்தையே தான் நியமித்த மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டது. பணம் கையில் இல்லாத பதவியை ஒரு கையெழுத்தில் ஓரங்கட்டிவிடலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. கேரளம் 1990களின் நடுவில் வேறு வழியில் போனது. தொடக்க, நடுநிலை அரசுப் பள்ளிகளைக் கிராமப் பஞ்சாயத்திடமும் உயர்நிலைப் பள்ளிகளை மாவட்டப் பஞ்சாயத்திடமும் ஒப்படைத்தது. சம்பளமும் நியமனமும் மாநிலத்திடமே இருந்தன. கூடவே திட்ட நிதியில் ஒரு பங்கையும் கீழே அனுப்பியது. புதுச்சேரியின் ஒரு துண்டான மாகே அந்தக் கேரளத்துக்கு நடுவில்தான் இருக்கிறது. மாகேக்காரர் எல்லை தாண்டிக் கண்ணூர் மாவட்டத்துக்குள் ஒரு கிலோமீட்டர் போனால், பள்ளிக் கூரை ஒழுகுவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

மறுப்புகளில் கனமான ஒன்று ஆய்வுகளிலிருந்தே வருகிறது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு, கிராமக் கல்விக் குழுக்களைப் பற்றி மக்களிடம் எடுத்துச் சொல்வதால் பள்ளியில் எந்த மாற்றமும் வரவில்லை என்று கண்டது. குழு இருப்பதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரிந்திருக்கவில்லை; தெரிந்த பிறகும் ஆசிரியர் வருகையோ படிப்போ அசையவில்லை. அந்தக் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்த் தலைவரும் இருந்தார் என்பதை மறைத்துவிட்டு என் வாதத்தை நடத்த முடியாது. ஆகவே தேர்தல் வைத்துவிட்டால் பிள்ளைகள் சரளமாகப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அதே ஆய்வில் ஒன்று பலித்தது: ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வாசிப்பு வகுப்பு நடத்தச் சொன்னபோது, வந்த பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. குழுவுக்குக் கண்காணிக்கும் உரிமை இருந்தது, தெளிவான வேலை இருக்கவில்லை. இளைஞர்களுக்குச் செய்து முடிக்கத் தெளிவான வேலை இருந்தது. உறுப்பினர் பதவிக்கும் அப்படித் தெளிவான வேலை எழுதப்பட வேண்டும். எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. மேற்கு வங்கத்தில் 495 கிராமங்களை ஆராய்ந்து 2012இல் லோரி பீமன், டூஃப்லோ, ரோகிணி பாண்டே, பெட்டியா டோபலோவா வெளியிட்ட கட்டுரை, தலைவர் பதவி இருமுறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் பதின்பருவப் பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் படிப்பில் இருந்த இடைவெளி மறைந்துபோனதைக் காட்டியது. தலைவி புதிதாகப் பள்ளி கட்டியதால் வந்த மாற்றம் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததைப் பெற்றோரும் பிள்ளைகளும் பார்த்ததே காரணம் என்றார்கள். பாகூரில் காட்டுவதற்கு அந்த நாற்காலியே காலியாக இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு புதுச்சேரிக்கே உரியது. முப்பது தொகுதிகள் கொண்ட சின்னப் பிரதேசம். சட்டமன்ற உறுப்பினர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். காதுகுத்துக்கும் வருகிறார், கருமாதிக்கும் வருகிறார். அவருக்குக் கீழே இன்னோர் அடுக்கு எதற்கு? உண்மைதான். இங்கே எம்.எல்.ஏ.வே வார்டு உறுப்பினரின் வேலையையும் பார்க்கிறார். அதுதான் சிக்கல். அவர் பார்க்கும் நூறு வேலைகளில் பள்ளி ஒன்று. ஆளுங்கட்சிக்காரர் என்றால் கல்வித்துறையை வெளிப்படையாகக் கேள்வி கேட்க முடியாது. எதிர்க்கட்சிக்காரர் என்றால் கேட்டும் நடக்காது. தம் கையில் இருக்கும் உள்ளூர்ச் செல்வாக்கை இன்னோர் அடுக்குக்குப் பிரித்துக் கொடுக்க எந்தக் கட்சிக்கும் அவசரம் இல்லை என்பதை, 1968க்கும் 2006க்கும் இடையே மாறி மாறி வந்த ஆட்சிகள் எல்லாம் மெய்ப்பித்துவிட்டன.

பாடத்திட்ட மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள், முதலில் தொடக்க வகுப்புகளிலும் 2023-24 முதல் மேல் வகுப்புகளிலும் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. 2025இல் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முதன்முறையாக அந்த வாரியத்தின் பொதுத்தேர்வை எழுதின. அந்த முடிவு நல்லது என்று வாதிட ஆள் இருக்கிறது. தனியார் பள்ளியைத் தேடிப் போகும் பெற்றோரை நிறுத்திவைக்க அது உதவும் என்றார்கள். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை பதினோராம் வகுப்பில் திடீரென்று ஆங்கிலப் பாடநூலோடு திண்டாடுவதைச் சுட்டிக்காட்டவும் ஆள் இருந்தது. யார் சரி என்பது வேறு கட்டுரைக்கான பொருள். இங்கே கவனிக்க வேண்டியது, இவ்வளவு பெரிய மாற்றத்தைப் பற்றி பாகூரிலோ சேலியமேட்டிலோ கிராமசபை கூட்டிக் கருத்துக் கேட்டு, அதைத் தீர்மானமாக எழுதி அனுப்பச் சட்டப்படி ஒரு மன்றம் இல்லை. வில்லியனூரில் பிறந்து சேலியமேட்டில் வாழ்ந்த கவிஞர் வாணிதாசன் அரசுப் பள்ளி ஆசிரியர். அவருடைய ஆசான் பாரதிதாசனும் அப்படியே. இந்தப் பகுதியின் தமிழே அரசுப் பள்ளி வகுப்பறையில் வளர்ந்தது. அந்தப் பள்ளிகளில் எந்த மொழியில், எந்த நூலில் பாடம் நடக்கும் என்பதில் ஊருக்கு ஒரு வாய்ச்சொல்லாவது இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவதாக, பள்ளிக்குள் கட்சியும் சாதியும் நுழைந்துவிடும் என்று ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். பிரெஞ்சுக் காலத்துத் தேர்தல்களை அறிந்தவர் அந்த அச்சத்தை அலட்சியப்படுத்த மாட்டார். அதற்கு மருந்து அதிகாரத்தை அளந்து கொடுப்பது. நியமனம், இடமாற்றம், தேர்வு மதிப்பெண் ஆகிய மூன்றிலும் உறுப்பினர் தலையிடக் கூடாது என்று எழுதிவிட வேண்டும். பிள்ளைகளின் பதிவேடு, பழுதுபார்ப்பு நிதி, மாணவர் பேருந்து, சத்துணவு, 32ஆம் பிரிவின் புகார் விசாரணை ஆகியவை கொம்யூனின் கல்விக் குழுவிடம் இருக்கலாம். குழுக்கூட்டம் ஊர் பார்க்க நடக்க வேண்டும். தீர்மானம் பள்ளிச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். பரிந்துரைக் கடிதத்தில் இடமாற்றம் நடக்கும் இன்றைய நிலையில் பள்ளிக்குள் அரசியல் இல்லை என்று நினைப்பவர்கள் பாவம். அந்த அரசியல் பூட்டிய அறைக்குள் நடக்கிறது. கேட்பது அதைக் கூடத்துக்குக் கொண்டுவரத்தான்.

தேர்தல் வரும்வரை கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. மேலாண்மைக் குழு எழுதும் பள்ளி வளர்ச்சித் திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்கலாம். ஆசிரியர் இல்லாத வகுப்புக்காக 32ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுத்து, மூன்று மாதம் எண்ணி, பதில் வராவிட்டால் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். இதைப் பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. ஊரில் யாரும் செய்யலாம். வேனில் பிள்ளையை ஏற்றிவிட்டுத் திரும்பும் வாசகருக்கும் அந்த உரிமை உண்டு.

2011இல் பாகூர் கொம்யூனின் கடைசி மன்றம் கலைந்தது. அந்த ஆண்டு அங்குள்ள அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, இடையில் தடங்கல் இல்லாமல் படித்திருந்தால், 2023இல் பிளஸ் டூ முடித்திருக்கும். அந்தப் பன்னிரண்டு ஆண்டும் அதன் கொம்யூனில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இருக்கவில்லை.